கூப்பனும் கொத்தும்

'கூப்பன்' என்னும் சொல்லைத் திருகோணமலைப் பட்டினத்திலே இரு தலைமுறையினர் இருவேறு பொருளில் வழங்கக் கேட்கின்றேன். எழுபது வயதைக் கடந்த பாட்டியார் ஒருவர் அச்சொல்லைச் சொன்னால், அவர் மனக்கண்முன் நிற்பது அரசாங்கம் ஆளுக்கொன்றாக வழங்கிய அரிசிக் கூப்பன் புத்தகம். சங்கக்கடை வாயிலிலே விடியற்காலையில் நீண்டு நின்ற வரிசை. மேசைக்குப் பின்னாலிருந்து பெயர் கூப்பிட்ட மனேஜர். அவருடைய பேர்த்தி அதே சொல்லைச் சொன்னால், அது கைத்தொலைபேசியிலே வந்து விழுந்த தள்ளுபடிச் சீட்டு. 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்', 'சனி ஞாயிறு தினங்களில் நூற்றுக்கு இருபது கழிவு' என்று பேரங்காடிகள் விடுக்கும் அழைப்பு அது.

முன்னையது, 'இவ்வளவுக்கு மேல் வாங்காதே' என்று கையைப் பிடித்தது. பின்னையது, 'இன்னும் கொஞ்சம் வாங்கிப் போ' என்று கையைப் பிடித்து இழுக்கின்றது. ஆயினும் வீட்டுக்குரியவள் இரண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது ஒரே நோக்கத்துக்காகத்தான். இருக்கின்ற பணத்தில் அடுப்பு அணையாமல் மாதத்தைக் கடத்த வேண்டும் என்பதே அது. அந்த நோக்கத்துக்கு எந்தக் கூப்பன் உண்மையாக உதவுகின்றது, எது உதவுவதுபோலத் தோற்றம் மட்டும் காட்டுகின்றது என்பதைக் கண்டுகொள்ள ஓர் எளிய வழி உண்டு. கூப்பனின் மேல் எழுதப்பட்டிருப்பது அளவா, பணமா என்று பார்ப்பதே அவ்வழி. எங்கள் நாட்டின் கூப்பன் வரலாறு முழுவதையும் இந்த ஒரு வினாவைக் கொண்டே விளக்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இலங்கை மக்கள் உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடல் கடந்து வந்தது. அதிலும் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. தம்பலகாமத்து வயல்களும் கந்தளாய்க் குளமும் நம் மாவட்டத்திலேயே இருந்தும், பட்டினத்துக் கடைகளில் அளந்து விற்கப்பட்டதில் பர்மா அரிசிக்குப் பெரும் பங்கு இருந்தது. 1942 மார்ச்சு மாதத்தில் இரங்கூன் நகரம் யப்பானியர் கையில் வீழ்ந்தது. ஒரு மாதம் கழிந்து, ஏப்ரில் 9 ஆம் நாள் காலையில், யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. குண்டு வீழ்ந்த கதையை எங்கள் ஊரார் இன்றும் சொல்வர். ஆனால் அந்தக் காலையிலும் பார்க்க நெடுநாள் நீடித்த அடி, பர்மாக் கப்பல்கள் வராமற் போனதுதான். அவ்வாண்டிலேயே அரிசிப் பங்கீடு தொடங்கிற்று. கூப்பன் புத்தகம் வீடு தேடி வந்தது. கூப்பனுக்குப் பொருள் கொடுப்பதற்கென ஊர்தோறும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் முளைத்தன. போருக்கு முன் விரல்விட்டு எண்ணத்தக்கனவாயிருந்த அவை, போர் முடிவதற்குள் ஆயிரக்கணக்கில் பெருகின. 'சங்கக்கடை' என்னும் பெயர் நம் பேச்சில் நிலைபெற்றது அக்காலத்தில்தான்.

அந்தக் கூப்பனிலே அளவே எழுதப்பட்டிருந்தது. வாரத்துக்கு, ஆளுக்கு, இத்தனை கொத்து. கொத்து என்பது இரண்டு இறாத்தல், இன்றைய கணக்கில் ஏறக்குறைய 900 கிராம் என்பதை இளைய நேயர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். அரிசி உலகச் சந்தையிலே ஏறினாலும் இறங்கினாலும் கொத்து கொத்தாகவே இருந்தது. அதற்குச் செலுத்தவேண்டிய விலையை அரசாங்கம் அறிவித்தது. ஆகவே, குடும்பத்தின் பங்கைக் குறைக்க வேண்டுமாயின் அரசாங்கத்துக்கு இரண்டே வழிகள்தாம் இருந்தன. ஒன்று, விலையை உயர்த்துவது. மற்றது, கொத்தைக் குறைப்பது. இரண்டையும் மறைவில் செய்ய இயலாது.

செய்து பார்த்தவர்கள் பட்டதை நாடறியும். 1953 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அப்போது நிதியமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தன, கொத்து 25 சதமாயிருந்த பங்கீட்டரிசியின் விலையை 70 சதமாக்கினார். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் அப்போதே நிறுத்தப்பட்டது. ஓகஸ்டு 12 ஆம் நாள் நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது, உயிர்களும் பலியாயின. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற 'நியூபவுண்ட்லாந்து' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலிலே அமைச்சரவை கூடிற்று. துறைமுகத்து மக்களாகிய நாம் எத்தனையோ கப்பல்களைக் கண்டிருக்கிறோம். அரிசி விலைக்கு அஞ்சி அமைச்சர்கள் ஏறியிருந்த கப்பலை நாம் காணவில்லை. அந்தப் பேறு கொழும்பாருக்கே கிடைத்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். விலை பின்னர் 55 சதமாகக் குறைக்கப்பட்டது.

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்து, 1966 டிசெம்பரில், அதே டட்லி சேனநாயக்கா மீண்டும் பிரதமராயிருந்தபோது மற்ற வழியைக் கையாண்டார். அதுவரை வாரத்துக்கு இரண்டு கொத்து, கொத்து 25 சதம். இனி ஒரே கொத்து. ஆனால் அது இலவசம். 'இலவசம்' என்னும் சொல் எவ்வளவு இனிமையானது! கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 50 சதம் மிச்சமாயிற்று. ஒரு கொத்து அரிசி போயிற்று. போன கொத்தை வெளிச்சந்தையில் வாங்க அந்த 50 சதம் போதாது. படிப்பறியாத தாய்மாரும் இக்கணக்கைப் போட்டனர், விரல்களிலேயே போட்டனர். 1970 ஆம் ஆண்டுத் தேர்தல் மேடைகளில் சந்திரனிலிருந்தேனும் அரிசி கொண்டுவருவதாக முழங்கினார்கள் என்று முதியோர் இன்றும் சொல்லிச் சிரிப்பர். சிறீமாவோ பண்டாரநாயக்கா ஆட்சிக்கு வந்து இரண்டாவது கொத்தைத் திரும்பத் தந்தார். அதற்கு விலை 75 சதம். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் தானிய விலை ஏறியபோது அதுவும் நிலைக்கவில்லை. உணவுச்சாலைகளிலே வாரத்தில் இரு நாட்கள் சோறு பரிமாறத் தடை இருந்ததும், மரவள்ளிக் கிழங்கு காலை மாலை இருவேளையும் உணவானதும் அக்காலத்தின் கதைகள்.

இவ்விடத்தில் நடுவுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். கொத்துக் கூப்பனைப் பொற்காலமென்று போற்றுவோர் எங்கள் ஊரிலே பலர். நான் அவர்களோடு முற்றும் உடன்படுவதில்லை. அது அரசாங்கத்தின் வருவாயை ஆண்டுதோறும் விழுங்கிற்று. பங்களாவிலிருப்பவனுக்கும் குடிசையிலிருப்பவனுக்கும் நெடுங்காலம் ஒரே பங்கைக் கொடுத்தது. அரிசியிலே கல்லும் புழுவும் வந்தால் தெரிவு செய்ய வழியில்லை. கொடுத்ததைத்தான் உண்ண வேண்டும். பணக் கூப்பனுக்கு இந்த வகையில் ஒரு சிறப்பு உண்டு. போர்க்காலப் பிரித்தானியாவிலே வெண்ணெயையும் சீனியையும் நிறையால் பங்கிட்டவர்கள், இறைச்சியை மட்டும் விலையால் பங்கிட்டார்கள். ஆளுக்கு வாரத்துக்கு இத்தனை சிலிங்கு, இத்தனை பென்சு பெறுமதியான இறைச்சி. எலும்பு கூடிய மலிவான துண்டுகளை வாங்கத் தெரிந்தவள் அதே கூப்பனுக்குக் கூடுதலாக வீட்டுக்குக் கொண்டுபோனாள். தெரிவு செய்யும் உரிமை கெட்டிக்காரிக்குப் பயன்பட்டது. ஆனால் அங்கே அரசாங்கம் விலைகளையும் கட்டுப்படுத்தி வைத்திருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அக்கட்டு இல்லாத இடத்தில் பணக் கூப்பன் என்ன ஆகும் என்பதை நாம் நம் வீடுகளிலேயே கண்டோம்.

1978 ஆம் ஆண்டில், மாத வருமானம் 300 ரூபாவுக்கு மேற்பட்ட குடும்பங்கள் பங்கீட்டிலிருந்து நீக்கப்பட்டன. நாட்டின் சனத்தொகையில் ஏறக்குறைய பாதிப்பேரே எஞ்சினர். 1979 செப்டெம்பரில் கூப்பன் புத்தகமே மறைந்து, அதற்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபா. எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை 20 ரூபா. அதற்கு மேற்பட்டவர்க்கு 15 ரூபா. குடும்பத்துக்கு மண்ணெண்ணெய் முத்திரை 9 ரூபா 50 சதம். சிறு பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுத்த அந்த ஏற்பாட்டை, ஆசிரியன் என்ற முறையில் நான் மெச்சுகிறேன். வகுத்தவர் எவரோ பிள்ளைகளை எண்ணிப் பார்த்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் அப்போது ஐந்து பேர். அப்பா, அம்மா, பத்து வயதை எட்டிக்கொண்டிருந்த நான், எட்டு நிரம்பாத தங்கையர் இருவர். கூட்டினால் சரியாக 100 ரூபா. நூறு ரூபா என்பது அன்று எங்கள் கண்ணுக்கு மலைபோலத் தெரிந்தது. கொத்துக் கணக்கிலே பழகிய அம்மா மட்டும் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதில எத்தினை கொத்தெண்டு போடேல்லையே" என்றார். அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. நானும் அன்று விளங்கிக்கொள்ளவில்லை. பிள்ளைக்கு என்ன தெரியும்?

அடுத்த மூன்று ஆண்டுகளில் நடந்தது இதுதான். முத்திரையில் அச்சிட்ட எண் மாறவே இல்லை. அரிசியும் மாவும் சீனியும் விலை ஏறின. 1982 அளவில் அந்த முத்திரைகளின் கொள்வனவுச் சக்தி ஏறக்குறைய பாதியாகத் தேய்ந்திருந்தது. பெயரளவில் நூறு; பயனளவில் ஐம்பது. 1966 இல் பாதி கொத்தைக் குறைத்தபோது நாடெங்கும் பேச்சாயிருந்தது. முத்திரையின் பாதி போனபோது ஹர்த்தால் இல்லை. அமைச்சர் எவரும் கப்பலேறவில்லை. ஏனென்றால் எவரும் எதையும் குறைக்கவில்லை. அளவைக் குறைப்பதற்கு ஒருவர் கையொப்பமிட வேண்டும்; பணத்தின் பெறுமதி குறைவதற்கு ஒருவரும் கையொப்பமிட வேண்டியதில்லை.

இன்னுமொரு கேடும் நேர்ந்தது. கொத்துக் கூப்பனையும் அடகு வைத்தவர் உண்டு. ஆனால் முத்திரையிலே பணத்தொகை அச்சிடப்பட்டிருந்தபடியால் அதைக் கைமாற்றுவது மிக எளிதாயிற்று. 25 ரூபா முத்திரையை 20 ரூபாக் காசுக்கு வாங்கிக்கொள்ளும் கடைக்காரர் ஒருவர் அயலிலே இருந்தார். மருந்து வாங்கவோ பேருந்துக் கட்டணத்துக்கோ கையிற் காசில்லாத தாய், தன் பிள்ளையின் பாற்பங்கில் ஐந்து ரூபாவை அவரிடம் விட்டுவிட்டுப் போவாள். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தோருக்குச் சங்கக்கடை வழியாகக் கிடைத்த உலருணவு நிவாரணத்துக்கும் பணப் பெறுமதியே குறிக்கப்பட்டிருந்தது. அதுவும் விலைவாசிக்குப் பின்னால் ஓடிக் களைத்தது. அந்நாட்களின் துயரங்களை இங்கு விரிக்க நான் முற்படவில்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2022 ஆம் ஆண்டிலே, ஒரே நேரத்தில் இருவகைக் கூப்பனையும் நாம் கண்டோம் எனலாம். யூலை மாதத்தில் எரிபொருளுக்குக் கியூ. ஆர். குறியீடு வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று தொடங்கிற்று. கையிலிருந்தது தாளன்று, தொலைபேசி. ஆயினும் அது பழைய கொத்துக் கூப்பனின் பேரப்பிள்ளையே. லீற்றர் லீற்றராகவே இருந்தது. அதனாலேதான் நாட்கணக்காக நீண்ட வரிசைகள் குறைந்தன. 2023 செப்டெம்பரில் அதன் தேவை நீங்கி நிறுத்தப்பட்டது. சோற்றுக்கோ அப்படியொரு குறியீடு வரவில்லை. முந்திய ஆண்டின் உரத் தடையால் விளைச்சல் வீழ்ந்திருந்தது. ரூபாவின் பெறுமதியும் வீழ்ந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவு விலைகள் ஓராண்டுக்கு முன்னிருந்ததிலும் நூற்றுக்கு 94.9 கூடியிருந்தன. அந்நாட்களில் காலைக் கூட்டத்திலே பிள்ளைகள் தலைசுற்றி அமர்ந்தால் நாங்கள் காரணம் கேட்பதில்லை. ஆசிரியைமார் தங்கள் உணவுப் பொதியைப் பிரித்தார்கள்.

2023 யூலையிலிருந்து 'அஸ்வெசும' என்னும் உதவி நடைமுறைக்கு வந்தது. நிலைமைக்கேற்ப மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று அப்போது நான்கு படிகளாக வகுத்தனர்; பணத்தை வங்கிக் கணக்கிலே நேரே இடுகின்றனர். இதிலே கடைக்காரர் ஐந்து ரூபா பிடிக்க இடமில்லை. வரிசையில் நின்று வெட்கப்பட வேண்டியதுமில்லை. இவை பெரிய நன்மைகள். 2025 இல் மேற்படிகளிரண்டும் 10,000 ஆகவும் 17,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. ஆனால் நேயர்களே, உயர்த்துவதற்கு ஓர் ஆணை வேண்டியிருந்தது. தேய்வதற்கு ஆணை வேண்டாம். 2022 போன்ற ஓராண்டு மீண்டும் வருமாயின், 15,000 ரூபா ஆண்டு முடிவில் 7,700 ரூபாவின் வேலையைத்தான் செய்யும். உணவு விலைச்சுட்டெண்ணோடு இவ்வுதவித் தொகையைப் பிணைத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை குடும்பங்கள்தாம் கணக்கு வைத்திருக்க வேண்டும்.

இனி, பேர்த்தியின் கூப்பனுக்கு வருகிறேன். வணிகரின் தள்ளுபடிச் சீட்டை நான் பழிப்பவனல்லன். அதனைச் சரியாகப் பயன்படுத்தும் குடும்பம் மாதத்துக்குச் சிறிதளவேனும் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் அதன்மேல் எழுதப்பட்டிருப்பது எப்போதும் பணமே, அளவன்று. 'அறுபது ரூபா கழிவு' என்று கொட்டை எழுத்தில் நிற்கும். எத்தனை கிராமுக்கு என்பது பொதியின் அடியிலே எறும்பு எழுத்தில் நிற்கும்.

உதாரணமாக ஒன்று சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. 400 கிராம் பருப்புப் பொதி 420 ரூபா. கூப்பனால் அறுபது கழித்து 360. நூறு கிராமுக்கு 90 ரூபா விழுகின்றது. பக்கத்துச் சில்லறைக் கடையிலே சாக்கிலிருந்து நிறுத்துத் தரும் அதே பருப்புக் கிலோ 800 ரூபாவாயின், நூறு கிராம் 80. கூப்பன் வைத்திருந்தவர் அறுபது ரூபா இலாபமென்று மகிழ்ந்து வீடு செல்கிறார். உண்மையில் பொதிக்கு நாற்பது ரூபா கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். கணக்கு மாறியும் வரலாம். பேரங்காடியே மலிவாயிருக்கும் நாட்களும் உண்டு. நூறு கிராமுக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்க்காமல் இரண்டில் எதையும் முடிவு செய்யக் கூடாது.

இப்பயிற்சியை எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்திலே சேர்த்திருக்கிறோம். வீட்டுக்கு வாங்கும் பத்துப் பொருள்களின் உறைகளைக் கொண்டுவந்து, நிறை, விலை, நூறு கிராமின் விலை மூன்றையும் எழுதவேண்டும். கடற்றொழிலாளர் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி ஒரே வகை விசுக்கோத்தின் இரண்டு உறைகளை மேசையில் வைத்தாள். பழைய உறையும் புதிய உறையும். படம் ஒன்று, நிறம் ஒன்று, விலையும் ஒன்று. நிறை மட்டும் குறைந்திருந்தது. "சேர், விலை ஏறேல்லை எண்டு அம்மா சந்தோசப்பட்டவ" என்றாள். உணவு முத்திரையிலே அரசாங்கத்தின் கையில் நடந்தது, விசுக்கோத்து உறையிலே வணிகரின் கையில் நடந்திருக்கிறது. முன்னதில் எண் நின்று விலை நகர்ந்தது. பின்னதில் விலை நின்று நிறை நகர்ந்தது. பாணுக்கு 450 கிராம் நிறையென்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை வரையறுத்திருப்பதன் காரணம் இப்போது விளங்கும். நம்மவர் இன்றும் 'ஒரு இறாத்தல் பாண்' என்றே கேட்கிறார்கள். கேட்பது நல்லது, நிறுத்துப் பார்ப்பது அதனினும் நல்லது.

பேரங்காடிக்குப் போகுமுன் வேண்டிய பொருள்களை வீட்டிலேயே எழுதிவிடுங்கள். அதன் பின்னரே கூப்பனைப் பாருங்கள். எழுதிய பொருளுக்குக் கூப்பன் இருந்தால் எடுத்துச் செல்லலாம். கூப்பன் இருக்கிறதே என்று பொருளை எழுதினீர்களாயின் அவ்வணிகரின் விருப்பம் நிறைவேறிவிட்டது. 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது சவர்க்காரத்துக்குப் பொருந்தும், ஏனெனில் அது கெட்டுப் போகாது. தயிருக்குப் பொருந்துமா என்பதை உங்கள் வீட்டுத் தலைகளை எண்ணித்தான் சொல்ல வேண்டும். கடனட்டைக்குக் கிடைக்கும் கழிவு, மாத முடிவில் கடனை முழுவதும் கட்டுபவருக்கு மட்டுமே கழிவு.

அஸ்வெசும பெறும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கணக்கில் விழும் நாளில், அன்று உங்கள் கடையில் விற்கும் அரிசியின் விலையைக் கேட்டு, வந்த தொகைக்கு எத்தனை கொத்து அரிசி வாங்கலாம் என்று நாட்காட்டித் தாளிலே எழுதி வையுங்கள். கிலோ 200 ரூபாவாயின், 15,000 ரூபாவுக்கு 75 கிலோ. ஏறக்குறைய 83 கொத்து. கிலோ 250 ஆயின் 60 கிலோ. ஏறக்குறைய 66 கொத்து. ரூபாவை எழுத வேண்டாம். அது வங்கிப் புத்தகத்திலேயே இருக்கும். கொத்தை மட்டும் மாதந்தோறும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பிரதேச செயலகத்துக்கு மனுக் கொடுக்கவோ மக்கள் பிரதிநிதியிடம் முறையிடவோ செல்லும் நாளில், 'சாமான் விலையெல்லாம் ஏறிவிட்டது' என்று சொல்வதைக் காட்டிலும் அந்தத் தாளை மேசையில் வைப்பது பயன்தரும். வீட்டிலே ஏழாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் வகுத்தற் கணக்கை அந்தப் பிள்ளையிடமே விட்டுவிடலாம்.